கர்னல் ஆல்காட் துரையவர்களின் கொடை

சென்னை மாநகரின் தென்பால், அடையாறு கடலொடு கலக்கும் இடத்திற்கு அண்மையில், ஊரூர் ஆல்காட் குப்பம் என்னும் மீனவர் குடியிருப்பு ஒன்று உளது. வலையும் படகுமே வாழ்வாகக் கொண்ட அம்மக்களின் ஊர்ப்பெயரில் ஓர் அமெரிக்கரின் பெயர் எங்ஙனம் வந்து சேர்ந்தது என்பதை அவ்வழிச் செல்வோர் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கடலுக்கு அப்பால், கொழும்பு கோட்டை இரயில் நிலையத்தின் எதிரே அவருடைய சிலை நிற்கின்றது. நிலையத்தின் முன்னுள்ள நெடுஞ்சாலைக்கும் அவர் பெயரே. 1967 ஆம் ஆண்டில் இலங்கையரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலையும் வெளியிட்டது. வைசாகப் பௌர்ணமியன்று பெங்களூரிலும் தங்கவயலிலும் நாம் ஏற்றும் பௌத்தக் கொடிக்கு இன்றுள்ள அளவு அமைந்ததும் அவருடைய யோசனையாலேயே ஆகும். அவர்தாம் கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட்.

நம் உபாசகருள் அவரைக் குறித்து இருவேறு எண்ணங்கள் உண்டு. தமிழ்ப் பௌத்த மறுமலர்ச்சிக்கு வித்திட்ட வள்ளல் என்று போற்றுவார் ஒரு சாரார். பிரம்மஞான சபை கண்டு, ஆவிகளையும் காணாத மகாத்துமாக்களையும் நம்பியவரை நாம் ஏன் நினைக்கவேண்டும் என்பார் மற்றொரு சாரார். இரண்டிலும் உண்மை இருக்கின்றது. ஒருவருடைய கொடையை எடை போடப் புகுவார் அவர் நம்பியவற்றைக் காட்டிலும் அவர் கொடுத்தவற்றையும், அவற்றைக் கொடுத்த முறையையும் நோக்குதல் தகும். ஆமிச தானம் என்றும் தம்ம தானம் என்றும் நம் நூல்கள் தானத்தை இரண்டாக வகுக்கின்றன. முன்னது பொருள், பின்னது அறம். ஆல்காட் பெருஞ்செல்வர் அல்லர். ஆயினும் இரண்டு தானமும் அவர் கையினின்று சென்றன.

அவர் 1832 ஆம் ஆண்டு ஆகஸ்டு 2 ஆம் நாள் அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலத்து ஆரஞ்சு என்னும் ஊரிற் பிறந்தார். பிரெஸ்பிட்டேரியன் என்னும் கட்டுப்பாடு மிக்க கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். தந்தையின் வாணிகம் நொடித்தமையால் நியூயார்க்கில் தொடங்கிய கல்லூரிப் படிப்பு இடையே நின்றது. இருபது வயது நிரம்புமுன் ஒஹையோ மாநிலம் சென்று உழவுத் தொழிலில் இறங்கினார். பின்னர் பயிர்த்தொழிற் கல்வியிலேயே மனம் ஊன்றி, சர்க்கரைப் பாகு தரும் ஒருவகைச் சோளத்தைப் பற்றி 1857 இல் ஒரு நூல் எழுதினார். அந்நூலின் புகழால் நியூயார்க் டிரிபியூன் என்னும் நாளிதழில் பயிர்த்தொழிற் பகுதியின் ஆசிரியரானார். பட்டம் பெறாதவர், மண்ணையும் ஏட்டையும் மாறி மாறிப் புரட்டித் தாமே கற்றவர் என்பது, மாலை வேளைகளில் படிப்பகத்து விளக்கொளியிற் கற்ற நம்மனோர்க்கு உவப்பான செய்தி.

1859 டிசம்பரில், கறுப்பு மக்களின் அடிமைத்தளையை ஆயுதம் கொண்டேனும் அறுப்பேன் என்று கிளர்ந்த ஜான் பிரௌன் என்பவரை வர்ஜினியாவில் தூக்கிலிட்டனர். அடிமை முறையை எதிர்த்த டிரிபியூன் இதழின் செய்தியாளர் எவரும் அவ்வூரில் கால்வைத்தால் உயிர்க்குக் கேடு என்னும் நிலை. அங்கே சென்று, அக்காட்சியைக் கண்டு, செய்தி விடுத்தவர் ஆல்காட். மனிதரை மனிதர் விலைக்கு விற்கும் நாட்டிற் பிறந்து, அதனை எதிர்த்தவன் கயிற்றில் தொங்கியதைத் தம் இருபத்தேழாம் வயதிற் கண்டவர் அவர். முப்பத்தைந்து ஆண்டு கழித்து அடையாற்றுச் சேரிக் குழந்தைகளைக் கண்டபோது அவர் நெஞ்சில் எது எழுந்தது என்பதை நாம் அறியோம். அக்கண்கள் முன்னரே ஓர் அடிமை நாட்டைக் கண்டவை என்பது மட்டும் உறுதி.

1861 இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. வட மாநிலங்களின் படையிற் சேர்ந்து நோயுற்றுத் திரும்பியவரைப் போர்த்துறையினர் வேறொரு பணிக்கு அமர்த்தினர். படைக்குச் சரக்கு வழங்கும் ஒப்பந்ததாரர்களின் மோசடிகளைத் துப்புத் துலக்குவதே அப்பணி. இதனை நான் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன். அப்போரில் ஒப்பந்ததாரர் பலர், பழைய கம்பளிக் கந்தலைக் கிழித்து மீண்டும் நூற்ற நூலால் சீருடை நெய்து புதுக் கம்பளியென்று விற்றனர். ஆலையில் நாங்கள் இதனை ஷாடி என்போம். இழை குட்டையாதலின் முறுக்கு நில்லாது. புதிதில் மழுங்கிய பளபளப்போடு நன்றாகவே தோன்றும். நாலு முறை நனைந்தால் விரலோடு வந்துவிடும். மழையில் நின்ற படைவீரர் உடம்பிலேயே சட்டை கிழிந்து உதிர்ந்தது என்று அப்போரின் வரலாற்றில் படிக்கும்போது, கம்பளித் தறியில் இருபதாண்டு நின்ற எனக்கு அதில் வியப்பொன்றும் தோன்றவில்லை. போர்க்களத்தில் உயிர் கொடுப்பவனுக்குக் கந்தலை விற்றுக் காசு பண்ணும் உலகில், கணக்கேடுகளைப் புரட்டி, சான்றுகளைத் தொகுத்து, செல்வாக்குள்ள ஒப்பந்ததாரரைச் சிறைக்கு அனுப்பிய அதிகாரி ஆல்காட். கையூட்டும் மிரட்டலும் வந்தன; இரண்டிற்கும் அவர் இணங்கவில்லை. கர்னல் என்னும் பட்டம் அப்பணியால் வந்தது. 1865 இல் ஆபிரகாம் லிங்கன் கொலையுண்டபோது, அதனை விசாரிக்க அமைந்த குழுவிலும் அவர் இருந்தார்.

போருக்குப் பின் சட்டம் பயின்று வழக்கறிஞரானார், நல்ல வருவாய். இல்லறம் நிலைக்கவில்லை, மணவிலக்கு நேர்ந்தது. 1874 இல் ஆவிகள் தோன்றுவதாகச் சொல்லப்பட்ட ஒரு பண்ணைவீட்டை ஆராயச் சென்றவிடத்து ரஷ்ய நாட்டு மாதாகிய பிளாவட்ஸ்கி அம்மையாரைச் சந்தித்தார். இருவரும் வேறு சிலரும் கூடி 1875 நவம்பரில் நியூயார்க்கில் பிரம்மஞான சபையை நிறுவினர். ஆல்காட் அதன் தலைவரானார். அச்சபையின் மறைபொருட் கொள்கைகளை இங்கு ஆராயப் போவதில்லை. நமக்கு அவை வேண்டுவனவும் அல்ல. வேண்டுவது இது: 1878 இறுதியில், நாற்பத்தாறு வயதில், நடந்துகொண்டிருந்த தொழிலையும் வளர்ந்த மைந்தர் இருவரையும் பிறந்த நாட்டையும் விட்டு அவர் கப்பலேறினார். 1879 பிப்ரவரியில் பம்பாயில் இறங்கினார். அதன்பின் வழக்கறிஞராகப் பொருளீட்டவே இல்லை.

இலங்கையில் 1873 ஆம் ஆண்டு பாணந்துறையில், மிகெட்டுவத்தே குணானந்த தேரருக்கும் கிறிஸ்தவப் போதகர்களுக்கும் பல்லாயிரவர் முன்னிலையில் பெருவாதம் நிகழ்ந்ததையும் அதில் தேரர் வென்றதையும் நம் வாசகர் அறிவர். அவ்வாதம் ஆங்கிலத்தில் அச்சாகி அமெரிக்கா வரை சென்று ஆல்காட்டின் கையை எட்டிற்று. நியூயார்க்கிலிருந்தே அவர் தேரரோடு கடிதம் எழுதி வந்தார். 1880 மே 17 ஆம் நாள் காலியில் இறங்கியபோது துறைமுகத்தில் மக்கள் வெள்ளம் காத்து நின்றது. மே 25 ஆம் நாள் காலி விஜயானந்த விகாரையில் ஆல்காட்டும் அம்மையாரும் மண்டியிட்டுத் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்றனர். வெள்ளையர் கோயிலுக்குப் போனால்தான் உத்தியோகம் என்றிருந்த நாட்டில், வெள்ளையர் ஒருவர் விகாரையில் பாலிமொழி ஓதி வணங்கினார். அந்த ஒரு வணக்கம் எத்தனை சிங்களக் குடும்பங்களின் முதுகை நிமிர்த்தியிருக்கும்! அதனையும் தானக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

ஆயினும் அவர் வணங்கிவிட்டு ஊர் திரும்பவில்லை. நாட்டைச் சுற்றிப் பார்த்தார். பௌத்தப் பிள்ளைகள் மிஷன் பள்ளிகளிற் கற்று, தங்கள் தம்மத்தின் முதற்பாடங்களையும் அறியாதிருந்தனர். பௌத்தர் நடத்திய பள்ளிகளோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. பிள்ளைகள் கையில் கொடுக்க ஒரு சிறு நூலேனும் வேண்டுமென்று கருதிய அவர், பிறர் எழுதுவாரென எதிர்பார்த்து ஏமாந்து, தாமே எழுத முனைந்தார். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் கிடைத்த பௌத்த நூல்களை ஆயிரக்கணக்கான பக்கங்கள் பயின்று வினா விடையாக ஒரு நூலை வரைந்தார். அதனைக் கொழும்பு வித்தியோதயப் பிரிவேனாவின் தலைவர் ஹிக்கடுவே சுமங்கல மகாதேரரிடம் சொல் சொல்லாகப் படித்துக் காட்டித் திருத்தம் பெற்றார். நிர்வாணத்தைப் பற்றிய ஒரு விடையில் இருவருக்கும் கருத்து மாறுபட்டது. தேரர் ஒப்புதல் தர மறுக்கவே, ஆல்காட் தம் சொற்களை நீக்கினார். அறிஞர் என்று பெயர் பெற்றபின் தாம் எழுதியதைப் பிறர் சொல்லுக்காக அடிப்பது எளிதன்று. மாத்தறையைச் சேர்ந்த செல்வ மாது ஒருவர் சிங்களப் பதிப்பின் அச்சுச் செலவை ஏற்க, 1881 ஜூலையில் பௌத்த வினாவிடை வெளிவந்தது. ஆசிரியர் வாழ்நாளிலும் அதன் பின்னும் நாற்பதுக்கு மேற்பட்ட பதிப்புகள் அச்சாயின. பற்பல மொழிகளுக்கும் அது சென்றது. தம்ம தானம் என்றால் இதுவே.

பள்ளிக்கூடங்களுக்குப் பொருள் வேண்டுமே! 1881 இல் அதற்கென ஒரு கல்வி நிதி தொடங்கினார். சிற்றூர்களுக்குச் செல்ல இரயிலும் இல்லை, தங்க விடுதியும் இல்லை. ஆதலின் தாமே திட்டமிட்டு ஒரு மாட்டு வண்டி செய்வித்தார். இரண்டு சக்கர வண்டிதான். உள்ளே உறங்கவும் உண்ணவும் இடம், நூல்களுக்குத் தட்டு, பண்டங்களுக்குப் பெட்டி. பழைய உழவரும் பழைய படையதிகாரியும் அவ்வண்டியில் ஒருங்கே தெரிகின்றனர். ஐம்பதை நெருங்கும் வயதில் அவ்வண்டியில் ஊர் ஊராகச் சென்றார். பகலில் சொற்பொழிவு, மாலையில் நிதிப் பட்டியல், இரவில் கொசு. ஏழை உழவர் தந்த செப்புக் காசும் பட்டியலில் ஏறிற்று. திரண்ட பணம் எவர் பையிலும் புகாதபடி அறங்காவலரை நியமித்து, ஆவணம் எழுதுவித்து, வரவு செலவைக் கணக்கிற்கு உட்படுத்தினார். இதில் அவர் கடுமை காட்டியதால் சிலருக்கு மனத்தாங்கல் உண்டாயிற்று. ஒப்பந்ததாரரின் கணக்குகளை நான்காண்டு புரட்டியவரிடம் வேறெதனை எதிர்பார்க்கலாம்? பொதுப்பணத்தைத் தொடும் கை எத்துணைத் தூயதாயினும் அதன்மேல் இன்னொரு கண் இருக்கவேண்டும் என்று அவர் கற்றிருந்தார். நம் சங்கங்கள் சிலவற்றில் உண்டியல் திறக்கும் நாளன்று நடப்பதை அறிந்தவர்கள் இவ்விடத்தைச் சற்று நின்று படிப்பாராக.

அந்நிதியும் அவ்வுழைப்பும் பயன் தந்தன. 1886 இல் கொழும்பில் தொடங்கிய சிறு பள்ளி ஆனந்தா கல்லூரியாக வளர்ந்தது. கண்டியில் தர்மராஜா, காலியில் மகிந்தா என்று கல்லூரிகள் எழுந்தன. அவர் கண்மூடுமுன் இலங்கையில் பௌத்தப் பள்ளிகள் நூற்றுக்கு மேற்பட்டுப் பரவின. 1886 இல் அவருடைய மாட்டு வண்டிப் பயணத்தில் மொழிபெயர்ப்பாளராய்ச் சேர்ந்து சென்ற இளைஞர் ஒருவரே பின்னாளில் அநகாரிக தர்மபாலராக விளங்கினார்.

இடையே ஒன்று நிகழ்ந்தது. 1882 இல், கைப்புலத்தால் நோய் தீர்க்கும் மெஸ்மரிச முறையை ஆல்காட் கையாளத் தொடங்கினார். காலியில் பாரிச வாயுவால் துன்புற்ற ஒருவர் அவர் கையால் நலம் பெற்றாராம். செய்தி பரவவே, ஈழத்திலும் வங்காளத்திலும் தென்னாட்டிலும் ஆயிரக்கணக்கான நோயாளர் அவரைச் சூழ்ந்தனர். இதனை அற்புதமென்று நான் எழுதமாட்டேன். புத்த பகவான் இருத்திகளைக் காட்டி மக்களை ஈர்ப்பதை விலக்கினார் என்பதே நம் கொள்கை. நோயில் ஒரு பகுதி மனத்தில் இருக்கின்றது. நம்பிக்கையூட்டும் ஒருவர் தொட்டால் அப்பகுதி இளகலாம். அவ்வளவே. ஆயினும் காலை முதல் இரவு வரை, தொழுநோயாளர் உட்பட எவரையும் தொட்டு, ஒரு காசும் பெறாது, தம் கைவிரல் மரத்துப்போகும் அளவிற்கு உழைத்ததைக் குறைத்து மதிப்பிடலாகாது. தொடுதலே தீட்டு என்றிருந்த நாட்டில் அவர் தொட்டார். 1883 இல் உடல் தளர்ந்தமையால் அதனை நிறுத்தினார்.

அதே 1883 இல் கொழும்பு கொட்டாஞ்சேனையில் பௌத்த ஊர்வலமொன்று தாக்கப்பட்டுக் கலகம் மூண்டது. தாக்கியவர் தண்டனை பெறவில்லை. பௌத்தரின் பிரதிநிதியாக ஆல்காட் 1884 இல் இலண்டன் சென்று குடியேற்ற நாட்டு அலுவலகத்தில் முறையிட்டார். அம்முயற்சியின் பயனாக வைசாகப் பௌர்ணமி 1885 முதல் அரசாங்க விடுமுறை நாளாயிற்று. அவ்வாண்டே கொழும்புக் குழுவினர் வகுத்த பௌத்தக் கொடி முதன்முதல் ஏற்றப்பட்டது. அது கப்பற் கொடிபோல் நீண்டு ஊர்வலத்திற்கு ஒவ்வாதிருந்ததால், சாதாரணக் கொடியின் அளவிற்குத் திருத்துமாறு ஆல்காட் யோசனை கூறினார். 1952 இல் உலகப் பௌத்தர் அதனைத் தம் பொதுக்கொடியாக ஏற்றனர். 1889 இல் ஜப்பான் சென்றதும், 1891 இல் வடபௌத்தரும் தென்பௌத்தரும் ஒப்பும் பதினான்கு கொள்கைகளைத் தொகுத்ததும் இக்கட்டுரைக்கு இன்றியமையாதன அல்ல.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1881 இல் இலங்கைப் பௌத்தர் சிலரை அழைத்துக்கொண்டு ஆல்காட் திருநெல்வேலிக்கு வந்தார். நெல்லையப்பர் கோயிலில் நட்பின் அடையாளமாகத் தென்னங்கன்று நட்டனர். மேளதாளத்தோடு வரவேற்பு நடந்தது. அயல்நாட்டு வெள்ளையரும் சிங்களப் பௌத்தரும் உள்ளே சென்ற அக்கோயிலின் வாயிலில், அந்நாட்டிலேயே பிறந்து அந்நாட்டு வயலையே உழுத நம் முன்னோர் நுழைதல் இயலாது. அதற்கு இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்கவேண்டியிருந்தது. அன்று ஆல்காட்டை வரவேற்றவர்கள் கண்ணுக்கும் ஆல்காட்டின் கண்ணுக்கும் அவர்கள் தென்படவில்லை போலும்.

1882 டிசம்பரில் சபையின் தலைமையிடம் அடையாற்றுக்கு மாறியது. 1886 இல் அங்கு நூலகம் ஒன்றைத் திறந்து, கீழ்நாட்டு ஏடுகளையும் நூல்களையும் தேடிச் சேர்த்தார். அடையாறு நூலகம் இன்றும் ஆய்வாளர்க்குப் பயன்படுகின்றது. சபையின் இந்திய உறுப்பினரோ பெரும்பாலும் மேற்சாதியார். தோட்டத்தின் வேலியை ஒட்டி, பஞ்சமர் என்று அரசாங்கம் அக்காலத்தில் பெயரிட்ட நம் மக்களின் குடிசைகள். தோட்டத்தில் வேலை செய்தவர்களின் பிள்ளைகள் எழுத்தறியாமல் புழுதியிற் கிடந்தனர். பன்னிரண்டு ஆண்டு கழித்தே ஆல்காட் அவர்களைக் கண்டார் என்று குறை கூறலாம், கூறத்தான் வேண்டும். கண்டபின் அவர் காலந்தாழ்த்தவில்லை. 1894 இல் அடையாற்றில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் ஆகிய இடங்களிலும் பள்ளிகள் தொடர்ந்தன. அவற்றுள் ஒன்று திருவள்ளுவர் பெயரைத் தாங்கியது. அமெரிக்காவிலிருந்து பாமர் அம்மையார் முதலியோர் வந்து பள்ளிகளை நடத்தினர். சிறுவர்களுக்கு விளையாட்டாகக் கற்பிக்கும் கிண்டர்கார்ட்டன் முறை, செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே அரிதாயிருந்த காலத்தில், சேரிப் பிள்ளைகளுக்குக் கிட்டிற்று. அரசினர் தேர்வுகளில் அப்பிள்ளைகள் நன்றாகவே தேறினர். அறிவு பிறப்பால் வருவது என்போர்க்கு அத்தேர்வுத் தாள்களே விடையாயின.

அவர் அளித்த கல்வியின் அளவு சிறியது. தமிழில் எழுதப் படிக்க, கணக்குப் போட, சிறிது ஆங்கிலம் பேச, சமைக்க, தைக்க: இவையே பாடங்கள். பெரிய படிப்பைக் கொடுத்து உத்தியோக ஆசையை மூட்டுதல் தம் நோக்கமன்று என்பதை 1902 இல் இப்பள்ளிகளைப் பற்றித் தாம் எழுதிய சிறு நூலில் அவர் மறைக்கவில்லை. வாழ்க்கையில் ஏமாறாதிருக்க வேண்டிய அளவு போதும் என்பது அவர் கருத்து. இதனை நான் ஒப்பவில்லை. அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா சென்று கற்ற கல்விக்கு அத்திட்டத்தில் இடமில்லை. பசித்தவன் எவ்வளவு உண்ணவேண்டும் என்பதைப் பரிமாறுபவன் தீர்மானிப்பது தானத்தின் பழைய நோய். ஆயினும், தன் சம்பளச் சீட்டில் பிடித்தம் எவ்வளவு என்று படிக்கத் தெரியாமல் பெருவிரல் மையோடு நின்றவர்களை ஆலை வாயிலிற் பார்த்திருக்கிறேன். எழுத்து நான்கு தெரிந்தவனை ஏய்ப்பது கடினம். அச்சிறு அளவும் அன்று வேறெவரும் நிபந்தனையின்றித் தர முன்வராதது. ஆல்காட் தம் பள்ளிகளில் மதம் மாறச் சொல்லவில்லை. பௌத்தராகிய அவர் பௌத்தத்தையும் அப்பிள்ளைகள்மேல் திணிக்கவில்லை.

அதனாலேயே 1898 ஆம் ஆண்டு சிறப்புறுகின்றது. பண்டிதர் க. அயோத்திதாசர் 1845 இல் பிறந்தவர், சித்த மருத்துவர், தமிழேடுகளில் ஆழ்ந்தவர். 1891 இல் நீலகிரியில் மாநாடு கூட்டி நம் மக்களின் உரிமைகளைக் கோரிக்கைகளாக நிறைவேற்றியவர். நம் மக்கள் ஆதியில் பௌத்தரே என்றும், தம்மத்தைக் கைவிட மறுத்ததாலேயே தாழ்த்தப்பட்டனர் என்றும் ஆராய்ந்து தெளிந்தார். பஞ்சமர் பள்ளியொன்றின் தலைமையாசிரியராகிய பி. கிருஷ்ணசாமியாரும் பிறரும் உடன்வர, அவர் ஆல்காட்டை அணுகினார். முன்னோர் சமயத்திற்குத் திரும்ப வழிகாட்டுமாறு கேட்டார்.

ஆல்காட் என்ன செய்திருக்கலாம் என்பதை எண்ணுக. தம் சபைக்கு ஓராயிரம் உறுப்பினர் கிடைத்தனர் என்று மகிழ்ந்திருக்கலாம். தாமே பஞ்சசீலம் கொடுத்துக் குருவாக அமர்ந்திருக்கலாம். வெள்ளைத் துரை கொடுத்தால் வேண்டாமென்பார் எவர்? அவர் அவ்விரண்டையும் செய்யவில்லை. சீலம் அளிக்க உரியவர் சங்கத்தாரே என்று கூறி, சுமங்கல மகாதேரருக்கு எழுதி, இருவரையும் தாமே கொழும்புக்கு அழைத்துச் சென்றார். 1898 ஜூலையில் கொழும்பு மாளிகாகந்தையில் மகாதேரர் முன்னிலையில் அயோத்திதாசப் பண்டிதரும் கிருஷ்ணசாமியாரும் பஞ்சசீலம் ஏற்றனர். திரும்பி வந்து சென்னை இராயப்பேட்டையில் சாக்கைய பௌத்த சங்கத்தைத் தொடங்கினர். பின்னர் பெங்களூரிலும், கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்திலும் எழுந்த கிளைகள் அவ்வேரிலிருந்து தழைத்தவையே. பண்டிதரின் சங்கம் ஆல்காட்டின் சபைக்குக் கிளையாக இருக்கவில்லை. அவரும் அதனைக் கோரவில்லை. கைப்பிடித்து வாயில்வரை வந்து, வாயிலில் கையை விட்ட கொடை அது. பள்ளிகளைக் காட்டிலும் இதனையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

பின்னாட்களில் பிணக்குகள் பல. புனிதத் தந்த தாதுவைப் பற்றி ஆல்காட் கூறியது கேட்டு இலங்கைப் பௌத்தர் புண்பட்டனர். அவர் மகன்போல் வளர்த்த தர்மபாலரும் பிரிந்தார். பண்டிதரும் பிரம்மஞான சபையாரின் போக்கைக் கண்டித்து எழுதலானார். கிழவர் தம் பள்ளிகளை விடவில்லை. எழுபது கடந்தும் அவற்றிற்காக நாடு நாடாகக் கையேந்தினார். 1906 இல் அமெரிக்காவிலிருந்து திரும்பும் வழியில் கப்பற் படிக்கட்டில் விழுந்து காயமுற்றார். அதிலிருந்து எழவில்லை. 1907 பிப்ரவரி 17 ஆம் நாள் காலை அடையாற்றில் காலமானார். அமெரிக்கக் கொடியும் பௌத்தக் கொடியும் போர்த்திய அவருடல் அங்கேயே தகனம் செய்யப்பட்டது.

அவருக்குப் பின் சபைத் தலைமை ஏற்ற அன்னி பெசன்ட் அம்மையார், 1909 இல் ஓர் ஆங்கில இதழில், தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளை மேற்சாதிப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் அமர்த்துதல் கூடாதென்று எழுதினார். அவர்தம் உடலின் தூய்மையைப் பற்றியும் இழிவாக எழுதினார். அண்ணல் அம்பேத்கர் பின்னாளில் தம் நூலில் இதனை எடுத்துக் காட்டியிருக்கிறார். ஆல்காட் நிறுவிய பள்ளிகளும் காலப்போக்கில் ஒன்றொழிய மற்றவை சபையின் கையை விட்டு அகன்றன. அடையாற்றுப் பள்ளி மட்டும் ஆல்காட் நினைவுப் பள்ளி என்னும் பெயரோடு, ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிக் கல்வியும் உணவும் அளித்து வருகின்றது.

ஆல்காட் மறைந்த நான்காம் திங்கள், 1907 ஜூன் 19 ஆம் நாள், இராயப்பேட்டையிலிருந்து ஒரு புதிய வார இதழ் வெளிவந்தது. அதன் பெயர் ஒரு பைசாத் தமிழன். ஆசிரியர் அயோத்திதாசப் பண்டிதர். விலை பெயரிலேயே இருந்தது. சேரிப் பள்ளியில் எழுத்துக் கூட்டக் கற்றவர்களும் அதனைக் காசு கொடுத்து வாங்கிப் படித்தனர். படிக்கத் தெரியாதவர்க்கு உரக்க வாசித்துக் காட்டினர்.